திவானுக்கு மெத்தை வாங்கும் முன் முழங்காலை அளந்து பாருங்கள்

கேள்வி: அக்கா, முன்னறையில் திவான் கட்டில் போட்டிருக்கிறோம். பகல் முழுக்க மாமியார் அதில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இரவில் என் மகன் அதிலேயே படுத்துக்கொள்வான். மூன்று பக்கமும் சட்டம் இருக்கிறது. உள்ளளவு 75க்கு 38 அங்குலம், பலகை தரையிலிருந்து 13 அங்குல உயரம். கடையில் பத்து அங்குல மெத்தையைக் காட்டி, இதுதான் சொகுசு என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 13-ம் 10-ம் சேர்ந்தால் 23 அங்குலம். சாதாரண நாற்காலியின் உயரமே 17, 18 அங்குலம்தான். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் மாமியாரின் கால் தரையில் படாமல் தொங்கும். மெத்தையின் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தி, கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். பத்து அங்குல மெத்தை பின்சட்டத்திலும் பாதியை விழுங்கிவிடும், அப்புறம் முதுகு சாய இடமிருக்காது.

மெத்தையைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் தரையில் சமமாகப் பதிந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இருக்கை அதைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுந்திருக்க சுலபம். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போதுதான் மூட்டில் பாரம் அதிகமாக ஏறுகிறது. பலருக்கு அந்த அளவு 16, 17 அங்குலம் வரும். உங்கள் பலகையின் மேல் ஆறு அங்குல மெத்தை போட்டால் 19. உட்கார்ந்ததும் ஓர் அங்குலம் அமுங்கி 18-ல் நிற்கும். சந்தேகமாக இருந்தால் கனமான போர்வைகளை ஆறு அங்குலத்துக்கு மடித்துப் பலகையில் அடுக்கி, இரண்டு நாள் அவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது விளிம்பு. நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. அவருக்காக மெமரி ஃபோம் (உடம்பின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கும் ஃபோம்) மெத்தை ஒன்றை ஆசையாக வாங்கிப் போட்டேன். படுத்தால் அருமைதான். ஆனால் அம்மா தினமும் ஜன்னலோரம் ஒரே மூலையில்தான் உட்காருவார். ஒரு வருடத்துக்குள் அந்த மூலை சரிந்துவிட்டது. கைப்பிடியைப் பற்றி இரண்டு முறை முயன்றால்தான் எழ முடியும். உறையைக் கழற்றிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் புதுசு போல இருக்க, அந்த மூலையில் மட்டும் விரலால் அழுத்தினால் பள்ளம் திரும்ப எழும்பவே இல்லை. அந்தப் பள்ளம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கட்டில் மெத்தையில் உடம்பு பரவிப் படுக்கிறது; திவானிலோ முழு எடையும் முன்விளிம்பில் ஒரு முழ இடத்தில் இறங்குகிறது. அதனால் முழுக்க மெமரி ஃபோம் வேண்டாம். அடியில் நாலு அங்குலம் கெட்டியான ஃபோமோ ரப்பர் பூசிய தேங்காய் நாரோ இருக்கட்டும். மேலே இரண்டு அங்குலம் லேடெக்ஸோ (ரப்பர் பால் நுரை) மென்மையான ஃபோமோ போதும். ஒருக்களித்துப் படுத்தாலும் மகனின் தோளுக்கும் இடுப்புக்கும் உறுத்தாது. ஸ்பிரிங் மெத்தை பிடித்திருந்தால், சுற்றிலும் கெட்டி ஃபோம் சட்டம் வைத்ததா என்று கேட்டு, ஓரத்தில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்.

கடையில் டென்சிட்டி என்பார்கள். பலர் அதைக் கெட்டித்தன்மை என்று நினைக்கிறார்கள், அது இல்லை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இதை நீங்களே சோதிக்கலாம். உங்கள் அளவில் ஆறு அங்குலமும் 40 டென்சிட்டி ஃபோமாக இருந்தால், உறை இல்லாமலே 11 கிலோவுக்குக் குறையாது. 20 டென்சிட்டி என்றால் அஞ்சரை கிலோதான் வரும். ஒற்றைக் கையால் லேசாகத் தூக்க முடிகிற மெத்தையைத் திவானுக்கு வாங்காதீர்கள்.

38 அங்குல அகலம் படுக்கச் சரி, உட்கார அதிகம். பின்சட்டத்தில் சாய்ந்தால் கால் மெத்தைமேலேயே நீட்டிக்கொள்ளும். முதுகுக்கும் முன்விளிம்புக்கும் இடையே 20 அங்குலம் மிஞ்சும்படி கெட்டித் திண்டுகள் வையுங்கள். இரவில் எடுத்துவிடலாம்.

மெத்தையை உள்ளளவைவிட அரை அங்குலம் குறைத்துச் சொல்லுங்கள், விரிப்பைச் செருக இடம் வேண்டும். சட்டம் நடுவில் வளைந்திருக்கலாம் என்பதால் மூன்று இடத்தில் அளக்கவும். மாதம் ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால், உட்கார்ந்து தேய்ந்த முன்மூலை சுவரோரம் போய்விடும்.

கேள்வி: எங்கள் திவானுக்கு அடியில் இழுத்துப் போடும் இன்னொரு கட்டிலும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மெத்தை வாங்கலாமா?

பதில்: அடிக்கட்டிலின் பலகைக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அதில் ஒன்றரை அங்குலம் கழித்தால் வருவதுதான் அடிமெத்தையின் தடிமன். சிலசமயம் அது நாலு அங்குலமாகத்தான் இருக்கும். அப்படியானால் இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள்.

கேள்வி: பழைய பஞ்சு மெத்தையைத் திவானில் போட்டிருக்கிறேன். நடுவில் பள்ளமாகிவிட்டது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில்: இல்லை. பஞ்சைப் பிரித்து அடித்துத் திரும்பத் தைத்தால் அது எழும்பிவிடும். திவானுக்கு என்று சொல்லி, முன்விளிம்பில் பஞ்சைக் கூடுதலாக இறுக்கி அடைத்து, குஞ்சம் நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். வெயிலிலும் காயவைக்கலாம். ஆனால் ஃபோம், லேடெக்ஸ் மெத்தைகளை வெயிலில் போடாதீர்கள். மஞ்சளாகி, நாளடைவில் பொடிந்துவிடும். அவற்றுக்கு நிழலில் காற்றாட நிறுத்திவைத்தாலே போதும்.