கோபோல் (COBOL) ப்ரோகிராமைத் திரும்ப கம்பைல் செய்தும் பழையதே ஓடுகிறது. மெயின்ஃப்ரேம் எந்த லைப்ரரியில் இருந்து எடுக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

புதுசு எங்கே போனது என்று தேடாதீர்கள். ஓடுவது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மெயின்ஃப்ரேமின் ஆபரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ் வரிசையாகத்தான் தேடும். பெயர் முதலில் கிடைத்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும், எது புதியது என்றெல்லாம் பார்க்காது.

பேட்ச் ஜாப்பில் பொதுவாக வரிசை இது: ஏற்கெனவே அந்த ஜாப் மெமரியில் ஏற்றி வைத்திருக்கும் பிரதி, அப்புறம் ஸ்டெப்லிப் (அந்த ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் கொடுத்த லைப்ரரி), அது இல்லையென்றால் ஜாப்லிப் (முழு ஜாப்புக்கும் கொடுத்தது), அடுத்து எல்பிஏ (எல்லோருக்கும் பொதுவாக சிஸ்டம் மெமரியில் வைத்திருப்பது), கடைசியில் லிங்க்லிஸ்ட் (சிஸ்டத்தின் பொது லைப்ரரிகளின் பட்டியல்). எங்கும் சிக்காவிட்டால் எஸ்806 அபெண்ட், அதாவது ப்ரோகிராம் கிடைக்காமல் ஜாப் நின்றுவிடும்.

பலரும் மாட்டுவது ஜாப்லிப்பில்தான். ஸ்டெப்புக்கு ஸ்டெப்லிப் இருந்தால் அங்கே ஜாப்லிப்புக்கு வேலையே கிடையாது, இரண்டும் சேராது. அந்த ஸ்டெப்லிப் உங்கள் ஜேசிஎல்லில் (ஜாப்பை ஓட்ட எழுதும் கட்டளைகள்) கண்ணுக்குத் தெரியாமல், அது கூப்பிடும் ப்ரோக்குக்குள் (முன்பே எழுதி வைத்த ஜேசிஎல் தொகுப்பு) உட்கார்ந்திருக்கலாம். ஜாப் அவுட்புட்டைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப்பில், ஜாப்பின் ஜெஸ்ஜேசிஎல்லைத் (ப்ரோக் வரிகளும் சேர்ந்த ஜேசிஎல்) திறந்து பாருங்கள். எக்ஸ்எக்ஸ் என்று தொடங்கும் வரிகள் ப்ரோக்கில் இருந்து வந்தவை. எங்கள் டீமில் இந்த ரகப் புகார் வந்தால் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

ஐஎஸ்பிஎஃப்பில் (டிஎஸ்ஓ லாகினில் வரும் மெனு ஸ்கிரீன்) டிஎஸ்ஓ ஐஎஸ்ஆர்டிடிஎன் என்ற கமாண்டைப் போட்டு மெம்பர் கமாண்டில் பெயரைத் தேடலாம் என்பார்கள். நல்ல வசதிதான், ஆனால் அது காட்டுவது உங்கள் டிஎஸ்ஓ செஷனில் இருக்கும் லைப்ரரிகளை. பேட்ச் ஜாப்பினுடையதை அல்ல.

லிங்க்லிஸ்ட் லைப்ரரியில் மாட்யூலை மாற்றியிருந்தால் இன்னொரு சிக்கல். எல்எல்ஏ என்ற சிஸ்டம் வசதி அந்த லைப்ரரியின் டைரக்டரியை மெமரியில் வைத்திருப்பதால், ஆபரேட்டர் எல்எல்ஏ ரெஃப்ரெஷ் கொடுக்கும் வரை பழையதே வரும். ஆன்லைன் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் என்றால் கதையே வேறு: அது தேடுவது டிஎஃப்ஹெச்ஆர்பிஎல் என்ற தன் லைப்ரரி வரிசையில், மாற்றியதும் நியூகாப்பி (புதிய பிரதியை எடுக்கச் சொல்லும் கட்டளை) வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பழசே ஓடினால் ஸ்டேட்டிக் கால் (static call) முறையைச் சந்தேகப்படுங்கள். நோடைனம் என்ற கம்பைல் ஆப்ஷனில், மேற்கோளுக்குள் பெயர் எழுதிக் கூப்பிட்ட சப்ப்ரோகிராம், லிங்க் எடிட் (கம்பைலுக்குப் பின் ப்ரோகிராம்களை இணைக்கும் வேலை) நேரத்திலேயே மெயின் ப்ரோகிராமுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது எந்த லைப்ரரியிலும் தேடல் நடக்காது. சப்பை எத்தனை முறை கம்பைல் செய்தாலும், மெயினை மறுபடி லிங்க் செய்யாமல் ஒன்றும் மாறாது.

டெஸ்ட் செய்யும்போது ப்ரோகிராமின் முதல் வரியில் ஃபங்ஷன் வென்-கம்பைல்டை டிஸ்ப்ளே செய்துவிடுங்கள். கம்பைல் ஆன தேதியும் நேரமும் ஜாப்பின் அவுட்புட்டான சிஸ்அவுட்டில் வந்து விழும். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.