ஐம்பதில் எடுப்பதா, அறுபது வரை விடுவதா?

கேள்வி: கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் 11 வருடமாக வேலை செய்கிறேன். வயது 47. 50 ஆனதும் வேலையை விட்டு, ஊழியர் சேமலாப நிதிக் (EPF) காசை எடுத்து, பூசாமல் கிடக்கும் வீட்டை முடிக்கலாமா?

பதில்: வீட்டுக்காக வேலையை விடத் தேவையில்லை, சகோதரி. 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபாவும் இருந்தால், வேலையில் இருந்தபடியே 30 வீதத்தை வீடு கட்டவோ திருத்தவோ எடுக்கலாம்.

பெண்கள் 50 வயதில் வேலையை விட்டு இந்தக் காசை எடுக்கலாம் என்பது உண்மை. அதற்காக 50 உடன் வேலை முடிந்துவிடுவதில்லை. 2021இல் வந்த சட்டப்படி, தனியார் துறையில் உங்கள் வயதுக்காரருக்கு ஓய்வு 60இல்தான். அந்தப் பத்து வருடத்தைக் கணக்குப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாவுக்குப் பிடிக்கப்படுகிறது என்றால், உங்கள் 8 வீதம் 3,200. முதலாளியின் 12 வீதம் 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர் கட்டும் 3 வீதம் 1,200. முதலாளி தரும் 6,000 ரூபா மட்டும், வட்டி சேராமலே, பத்து வருடத்தில் 7,20,000 ரூபா. ஐம்பதில் விலகினால் கைநழுவுவது அதுதான். (மேலதிக நேரச் சம்பளத்துக்குப் பங்களிப்பு கிடையாது. கை நிறையச் சம்பளம் வந்தும் கணக்கு மெலிந்திருக்கக் காரணம் அதுவாக இருக்கலாம்.)

இப்போதே பார்க்க வேண்டியது பெயர். சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கூற்று, அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலெழுத்து மாறியிருந்தாலோ, கூற்றில் பழைய 9 இலக்க எண்ணும் கையில் 12 இலக்க அட்டையும் இருந்தாலோ, காசு எடுக்கும் நாளில்தான் சிக்கல் வெளியே வரும். 2009இல் ஆவணங்களைத் தொலைத்துப் பிரதிகள் எடுத்தவர்களுக்கு இந்த எழுத்து வித்தியாசம் சாதாரணம். வேலை செய்யும்போதே முதலாளியின் கையெழுத்தோடு திருத்துவது இலகு. சிட்டையில் பிடித்த காசு கூற்றில் ஏறவில்லையா? தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். முன்பு வேறு இடத்தில் வேலை செய்திருந்தால் அந்த அங்கத்துவ இலக்கத்தையும் தேடி எடுங்கள். பின்னுரித்தாளி (உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவர்) பெயரையும் பாருங்கள்; கலியாணத்துக்கு முன் கொடுத்த பெயர் அப்படியே கிடக்கலாம்.

கடைசியில் மொத்தக் காசு வரும்போது ஒரே வங்கியில் போடாதீர்கள். வங்கி முறிந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். 20 இலட்சத்தை இரண்டாகப் பிரித்து, வட்டி 8 வீதம் என்று வைத்தால், மாதம் 13,333 ரூபா. அதில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் பிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வட்டி முழுவதையும் தின்றுவிடாதீர்கள். விலைவாசி வருடம் 6 வீதம் ஏறினால் 12 வருடத்தில் இன்றைய 100 ரூபாச் சாமானுக்கு 200 வேண்டும். 2022 ஞாபகமிருக்கும்.

கேள்வி: வயல்தான் செய்கிறோம். முதுமைக்குச் சீட்டும் நகையும் போதாதா? (மாங்குளம்)

பதில்: சீட்டு பிள்ளையின் படிப்புக்கு உதவும், முதுமைக்கு உதவாது. பிடிப்பவர் ஊரை விட்டுப் போனால் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்காது. நகை பரவாயில்லை. ஆனால் காலபோகம் தொடங்க அடைவுக்குப் போய், அறுவடைக்குப் பிறகு மீள்கிற நகை சேமிப்பாகாது, அது விதைநெல்லும் பசளையும்தான். ஒரு போகம் அழிந்தால் வட்டி ஏறி மூழ்கிவிடும். அடைவுக்குப் போகாத ஒரு பகுதியைத் தனியே வையுங்கள். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியம் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். இளவயதில் சேர்ந்தால் தவணைப் பணம் குறைவு. அறுவடைக் காசு கையில் இருக்கும் மாசி, பங்குனியில் கட்டிவிடுவது நல்லது.