வாசகர் கேள்வி: ஸ்ட்ரீமிங் சர்வரில் மெமரி நிரம்புவது ஏன்?

கேள்வி: ஜாவாவில் ஜிஆர்பிசி (புரோகிராம்கள் நெட்வொர்க் வழியே ஒன்றையொன்று அழைக்கும் முறை) சர்வர் வைத்து, வண்டிகளின் இருப்பிடத்தை மொபைல் ஆப்புக்கு ஸ்ட்ரீமாக அனுப்புகிறோம். நெட்வொர்க் மந்தமானால் மெமரி ஏறிக்கொண்டே போய் சர்வர் விழுந்துவிடுகிறது. ரியாக்டர் என்ற ஜாவா லைப்ரரிக்கு மாறினால் சரியாகும் என்கிறார் டீம் லீட். எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் மெமரி எங்கே குவிகிறது என்று பாருங்கள்.

ஜிஆர்பிசியில் அனுப்புவதற்கான 'ஆன்நெக்ஸ்ட்' மெதடை அழைத்தவுடன் மெசேஜ் போய்விடுவதில்லை. வரிசையில் சேர்கிறது, அழைப்பு உடனே திரும்பிவிடுகிறது. அடியில் தரவைக் கொண்டுசெல்லும் எச்டிடிபி/2 நெறிமுறை ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஒரு விண்டோ (இன்னும் எத்தனை பைட் அனுப்பலாம் என்ற வரம்பு) வைத்திருக்கிறது. தரத்தின்படி தொடக்க அளவு 65,535 பைட். போன் படிக்கப் படிக்கத்தான் அது திறக்கும். போன் மந்தமானால் விண்டோ மூடிக்கொள்ளும். உங்கள் புரோகிராம் அதைக் கேட்பதே இல்லை, வண்டி நகர நகர ஆன்நெக்ஸ்ட்டை அழைத்துக்கொண்டே இருக்கிறது. போகாத மெசேஜெல்லாம் சர்வரின் ஹீப்பில்தான் (ஜாவா பயன்படுத்தும் மெமரியில்தான்) நிற்கும்.

இதற்கு ஜிஆர்பிசியிலேயே வழி இருக்கிறது. அனுப்பும் முன் 'இஸ்ரெடி' (இப்போது அனுப்பலாமா) என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த வண்டியின் கடைசி இருப்பிடத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மீண்டும் அனுப்பலாம் என்று 'ஆன்ரெடி ஹேண்ட்லர்' கூப்பிடும்போது அனுப்புங்கள். ஹேண்ட்லரை சர்வீஸ் மெதட் முடிவதற்குள் பதிந்துவிட வேண்டும்.

ரியாக்டர் இதே வேலையை அழகாகச் செய்யும், மறுக்கவில்லை. அது பின்பற்றும், 2015-இல் வந்த ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ் 1.0 என்ற தரத்தின் உயிர்நாடியே 'ரிக்வெஸ்ட் என்': வாங்குபவர் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் கொடுப்பவர் தரக்கூடாது. சேல்ஸ்ஃபோர்ஸ் வெளியிட்ட ரியாக்டிவ்-ஜிஆர்பிசி லைப்ரரி அதை ஜிஆர்பிசியோடு இணைக்கிறது. ஆனால் சாலையில் ஓடும் வண்டியிடம் மெல்லப் போ என்று ரிக்வெஸ்ட் என் சொல்ல முடியாது. அங்கே, போகாததையெல்லாம் சேர்த்துவைக்கும் 'ஆன்பேக்பிரஷர்பஃபர்' என்று வரம்பில்லாமல் எழுதினால் பழைய நோய் புதுப் பெயரில் திரும்பும். உங்களுக்கு வேண்டியது, கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் 'ஆன்பேக்பிரஷர்லேட்டஸ்ட்'. பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு மூன்று நிமிடத்துக்கு முந்தைய இருப்பிடம் பயன்படாது, தவறான இடத்தைக் காட்டி அலையவும் வைக்கும். கூச்சமில்லாமல் பழையதைத் தூக்கிப் போடுங்கள். பணப் பரிமாற்றம், ஆர்டர் போன்றவை என்றால் இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே ஒன்றைக்கூட விடக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிக்வெஸ்ட் என் மெசேஜை எண்ணுகிறது, எச்டிடிபி/2 பைட்டை எண்ணுகிறது. போன் கேட்கும் அந்த 'என்' ஜிஆர்பிசியில் கம்பி வழியே சர்வருக்கு வருவதில்லை. (ஆர்சாக்கெட் என்ற வேறொரு நெறிமுறையில் வரும்.) ஜாவா ஜிஆர்பிசியில் காத்திருக்கும் தரவு 32 கேபிக்குக் கீழே இருக்கும்வரை இஸ்ரெடி 'ஆம்' என்றுதான் சொல்லும். 60 பைட் மெசேஜ் என்றால் அதற்குள் ஐந்நூறுக்கு மேல் பழைய இருப்பிடங்கள் அடங்கும்! அதனால் ஒவ்வொரு மெசேஜிலும் நேரத்தைச் சேர்த்து அனுப்புங்கள். பழையதை ஆப்பே கழித்துக்கொள்ளட்டும்.

ஆப்பை மூடியவருக்கு யாரும் அனுப்பிக்கொண்டிருக்கக் கூடாது. 'ஆன்கேன்சல் ஹேண்ட்லரில்' அவருடைய சந்தாவை நீக்குங்கள். ரியாக்டிவ் லைப்ரரி வழியே போனால் கேன்சல் தானாக மேலே செல்லும்.

டேட்டாபேஸை ஜேடிபிசியில் (பதில் வரும்வரை த்ரெட்டை நிறுத்திவைக்கும் ஜாவா முறை) படிப்பவராக இருந்தால் இஸ்ரெடி வழியிலேயே நில்லுங்கள். ரியாக்டர் த்ரெட்டில் அது காத்துக்கிடந்தால் மற்ற ஸ்ட்ரீம்களும் சேர்ந்து நிற்கும்.