பழைய வேன், கேரவன் வாங்குகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரம் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வேன், மினி லாரிகளை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, தயார் செய்து அனுப்புவதுதான் பிழைப்பு. இந்த ஒரு வருடமாக வேனுக்குள் கட்டில், அடுப்பு வைத்து ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். முன்பெல்லாம் கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். இன்று ஞாயிறு, பட்டறை லீவு. கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இரும்பும், ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றும் மட்டும்.

தருமபுரி ஆசிரியை ஒருவர்: பெங்களூரில் ஒரு டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி விற்கிறார்கள், அண்ணா. கே.ஏ. 51 நம்பர், 2015 மாடல். நானும் வீட்டுக்காரரும் போய்ப் பார்த்தோம், உள்ளே ரொம்ப அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

உள்ளே அழகாக இருப்பதுதான் பயம், மேடம். மெத்தையைப் பார்த்தவர் யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

முதலில் ஆர்.சி.யில் வாகன வகை என்ற வரியைப் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனி வகையே இருக்கிறது. உங்கள் வண்டியில் இன்னும் பயணிகள் வேன், 12 சீட் என்றே இருந்து, உள்ளே 4 சீட்டும் ஒரு கட்டிலும் இருந்தால் அந்த மாற்றம் பதிவாகவில்லை என்று அர்த்தம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. நாளைக்கு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான். மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தர விதி இருக்கிறது. அந்த அங்கீகாரத்தோடு கட்டிய வண்டியா, யாரோ தச்சர் பிளைவுட் அடித்த வண்டியா என்று விற்பவரை நேரடியாகக் கேளுங்கள். பதில் வர நேரமானால் அதுவே பதில்.

அடுத்தது சேசிஸ் நம்பர், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் அடித்திருக்கும் நம்பர். ஆர்.சி.யில் இருக்கும் நம்பரை ஃபோனில் பார்த்து ஒப்பிட்டால் போதாது. சேசிஸில் நம்பர் பஞ்ச் அடித்த இடத்தைத் துணியால் துடைத்து, வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழ வேண்டும். ஒரு எழுத்து மட்டும் மேலேறி நின்றாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய பளபளப்பு இருந்தாலோ, டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள்.

மூன்றாவது, என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28. வெளி மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கத்திய நம்பர் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. வேண்டும். லோன் பாக்கி, செலான் பாக்கி, வரி பாக்கி இருந்தால் அது வராது. அங்கே கட்டிய வரி இங்கே செல்லாது, வண்டி வயதுக்குத் தகுந்தபடி நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும். அங்கே மீதிக் காலத்துக்குத் திரும்பி வரும் பணம் யாருக்கு என்பதை விலை பேசும்போதே பேசிவிடுங்கள். என்.ஓ.சி. கைக்கு வருவதற்கு முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம் தம்பி: எஃப்.சி. இன்னும் பத்து மாதம் இருக்குணா. அப்புறம் எதுக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகணும்?

எஃப்.சி. என்பது அந்த வண்டி ஒரு நாள் காலையில் எப்படி இருந்தது என்பதற்கான தாள். அன்றைக்கு நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு, மாலையில் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டும் ஆட்களை எனக்குத் தெரியும். போக்குவரத்து வண்டிக்கு 8 வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. நடுவில் வண்டி என்ன பாடுபட்டது என்று அந்தத் தாளில் இருக்காது.

லீப் ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸில் வெல்டிங் போட்ட தடம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ஆறேழு வருட ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் போகாதீர்கள். ஓடாமல் ஒரே இடத்தில் நின்ற கேரவனில் இதுதான் பெரிய ஏமாற்று.

ஊத்தங்கரையிலிருந்து ஒருவர்: ஆர்.சி. ஓனர் இறந்துவிட்டார். மகன் விற்கிறார். பெயர் மாற்றும் படிவம் 29, 30-ல் மகன் கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. முதலில் படிவம் 31 போட்டு வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு.

பாலக்கோடு: 15 வருடம் ஆன வண்டியை அரசாங்கம் உடைத்துவிடுமாமே?

சொந்த வண்டியை யாரும் வந்து உடைக்க மாட்டார்கள். 10, 15 வருடக் கணக்கெல்லாம் டெல்லி வட்டாரத்துச் சங்கதி. இங்கே 15 வருடம் முடிந்தால் வண்டியைக் காட்டி 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் கசக்கும். காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

பர்கூர்: புரோக்கர் ஓப்பன் ஃபார்மில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்.

இதற்காகவே உட்கார்ந்திருந்தேன்.

ஓப்பன் ஃபார்ம் என்பது தேதி, வாங்குபவர் பெயர் எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 படிவங்கள். புரோக்கருக்கு அது வசதி. விற்பவருக்குக் கத்தி, வாங்குபவருக்கும் கத்தி. விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளில் விண்ணப்பிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொல்கிறது.

என் கதையைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு என் பழைய ஆம்னி வேனை இப்படித்தான் கொடுத்தேன். அது மூன்று கை மாறி, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி ஏற்றிப்போய் ஒரு பைக்கில் மோதியது. சம்மன் என் வீட்டுக்கு வந்தது. விற்றுவிட்டேன் ஐயா என்று சொன்னால், ஆர்.சி.யில் யார் பெயர் என்று கேட்டார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையேதான் தீர்ப்பாகச் சொன்னது: எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு. என் பெண்டாட்டி இன்றைக்கும் தக்காளி வாங்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக்காட்டுவாள்.

ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். வாங்கினாலும் வேண்டாம், விற்றாலும் வேண்டாம்.

ஓசூர், ஐ.டி. வேலை: கேரவனில் சமையல் கேஸ், தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கு. எதைச் சோதிக்கணும் சார்?

நல்ல கேள்வி. எஃப்.சி.யில் முக்கியமாகப் பார்ப்பது வண்டியை, வண்டிக்குள் இருக்கும் வீட்டை அல்ல.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும். அதனால் சிலிண்டர் இருக்கும் பெட்டிக்கு அடியில், வெளியே திறந்த துவாரம் இருக்க வேண்டும். கசிவைக் காட்டும் கருவி இருந்தால் அது தரையோரம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரையில் மாட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அழகுக்காம்! ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள்.

ஜெனரேட்டர் விஷயத்தில் சமரசமே கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியிருந்தது. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தரையில் வயருக்கும் குழாய்க்கும் போட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரவில் அடியில் ஒருவர் டார்ச் அடிக்கட்டும், நீங்கள் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். வெளிச்சம் எங்கே வருகிறதோ அங்கே புகையும் வரும். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள்.

பிறகு எடை. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. கட்டில், பேட்டரி, கூரை ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். மாம்பழ லோடு ஏற்றும் எடைமேடை நம் ஊரில் எதற்கு இருக்கிறது? தொட்டியை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி ஒரு எடைச் சீட்டு போட்டுப் பாருங்கள். ஜன்னல் ஓரப் பிளைவுட்டைக் கட்டை விரலால் அழுத்தி, மெத்தென்று உள்ளே போனால் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அரூர்: பிரேக் எப்படிச் சோதிப்பது?

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கல்லாகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டர் போச்சு. இது வேக்வம் பூஸ்டர் வண்டிக்கு. அப்புறம் ஓட்டிப் பார்க்க தொப்பூர் கணவாய் இருக்கவே இருக்கிறது. கீழே இறங்கியதும் ஓரங்கட்டி, நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது.

தொப்பூர் பக்கத்து லாரி டிரைவர்: நாங்க முப்பது வருசமா நியூட்ரல்ல தாம்ப்பா இறக்குறோம். வண்டி லேசா போகும், டீசலும் மிச்சம். பிரேக்கைச் சோதிக்க வேற இடமே இல்லையா?

அண்ணே, முப்பது வருடம் தப்பித்ததை முறை என்று சொல்லாதீர்கள். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் பிடிப்பு இல்லை, மொத்தச் சுமையும் பிரேக் லைனிங் மேல். சூடேறிய டிரம்மில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. தொப்பூர் இரட்டைப் பாலத்தில் நொறுங்கிக் கிடந்த வண்டிகளை நீங்கள்தான் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள்.

அதே டிரைவர்: லைனிங் நல்லா இருந்தா எதுவும் ஆகாது. டீசல் விலை உனக்குத் தெரியாது.

தெரியும். இப்போதைய எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால், இறக்கத்தில் டீசல் நின்றே போகும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நீங்கள் செலவழிக்கிறீர்கள்.

சேலம் போய்வரும் வேன் டிரைவர்: அப்ப பழைய பம்ப் வண்டிக்கு அண்ணன் சொல்றது சரிதானே?

பழைய டீசல் பம்பிலும் கவர்னர் என்கிற பாகம் டீசலைக் குறைத்துவிடும். அப்படியே நாலு சொட்டு மிச்சமானாலும் எதற்கு? ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர். என் அப்பா காலத்து டிரைவர்கள் சொன்னது.

தொப்பூர் லாரி டிரைவர்: உன் அப்பா காலத்துல இவ்ளோ டிராஃபிக் இல்ல. பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுடுவான்.

அடிக்கட்டும். இதில் நானும் அண்ணனும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள். புதிதாகக் கேரவன் வாங்கும் பிள்ளைகள் மட்டும் அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள்.

மத்தூர்: எஃப்.சி. இருந்தா வண்டி நல்லா இருக்குன்னு நம்பலாமா?

மேலே காவேரிப்பட்டணம் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சூளகிரி: என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கு. பெரிய வேன் கேரவனை ஓட்டலாமா?

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் என்றால் எல்.எம்.வி., அதாவது இலகு ரக வாகன லைசென்ஸ் போதும். மஞ்சள் போர்டு வண்டிக்கும் அதுவே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போச்சம்பள்ளி: டிராக்டர் டிரெய்லர் மேலே குடில் கட்டினால் அதுவும் கேரவன்தானே? டிராக்டர் ஆர்.சி. போதும்தானே?

டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. அதில் ஆட்களை வைத்துச் சாலையில் இழுத்துப் போகாதீர்கள். தோப்பில் நிறுத்தித் தூங்குங்கள், நன்றாக இருக்கும்.

பென்னாகரம்: வாங்கி ஒகேனக்கல் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமா?

சொந்த உபயோகப் பதிவில் விடக் கூடாது. பர்மிட், வரி எல்லாம் வேறு. அது என் துறையில்லை, ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.

காரிமங்கலம்: புரோக்கர் நல்லவர்தான் அண்ணா, ஓப்பன் ஃபார்ம்...

இல்லை.

கிருஷ்ணகிரி: இன்ஷூரன்ஸ் தானாகவே என் பெயருக்கு மாறிவிடுமா?

மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வரும். ஆனாலும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் விற்றவரோடே போய்விடும். பழைய ஃபாஸ்டேக்கையும் அவரையே மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி டோலில் அவர் பணத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

தருமபுரி ஆசிரியை (மறுபடி): அண்ணா, நீங்கள் சொன்னதைக் கேட்டு இப்போதே ஃபோன் செய்தோம். ஆர்.சி.யில் 12 சீட் என்றுதான் இருக்கிறதாம். என்.ஓ.சி. அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், அட்வான்ஸ் மட்டும் இன்றைக்கே போடுங்கள் என்கிறார்கள். விலையில் 40,000 குறைக்கிறார்களாம்.

ஃபோன் செய்து பத்து நிமிடத்தில் 40,000 இறங்கினால், அவருக்கும் அந்த 12 சீட்டு விவகாரம் தெரியும் என்று அர்த்தம், மேடம். அட்வான்ஸ் போடாதீர்கள். மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றி, என்.ஓ.சி.யும் எடுத்துவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நானே அத்திப்பள்ளி தாண்டி வந்து அடியில் படுத்துப் பார்க்கிறேன். டீ உங்கள் செலவு.