ரோபோ வாங்கினால் போன ஆர்டர் திரும்புமா?

இறக்குமதி உதிரிபாகங்களின் விலையோடு மல்லுக்கட்ட முடியவில்லை, கடன் வாங்கி ஒரு ரோபோ கை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் கணினி கட்டுப்பாட்டில் ஓடும் உங்கள் சிஎன்சி மெஷின்கள் ஒரு ஷிப்டில் உண்மையில் எவ்வளவு நேரம் உலோகத்தை வெட்டுகின்றன என்று முதலில் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.

பாகத்தை மாட்டிக் கழற்றும் நேரத்தில்தான் மெஷின் சும்மா நிற்கிறது என்றால் ரோபோ உதவும், இரவிலும் ஓட்டலாம். அப்போது பாகத்தின் விலையில் கூலியின் பங்கு சுருங்கும், கூலி குறைந்த நாட்டின் சாதகமும் சேர்ந்து சுருங்கும். கப்பல் செலவும் வாரக்கணக்கில் காத்திருப்பதும் மட்டும் அந்த நாட்டுத் தயாரிப்பாளர்கள் தலையில் அப்படியே இருக்கும். வெளிநாட்டுக்குப் போன உற்பத்தி சொந்த நாட்டுக்குத் திரும்புவதும் இந்தக் கணக்கில்தான்.

ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு செட்டிங் மாற்றுவதில் நேரம் போகிறதா? ரோபோ அதைக் கூட்டிவிடவும் கூடும். பாகத்தைப் பிடித்துவைக்கும், சட்டென்று மாட்டும் ஃபிக்சரே போதும், செலவும் கம்மி. ரோபோ இருந்தாலே ஜெயித்துவிடலாம் என்றும் இல்லை. அடிடாஸ் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ரோபோக்களை வைத்து ஷூ தயாரித்த இரண்டு ஆலைகளையும் 2020இல் மூடிவிட்டது. அவ்வளவு பணம் இருந்துமே!

அப்புறம், பழைய ஆபரேட்டர்களை அனுப்பிவிடாதீர்கள். வெட்டும் டூல் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். புரோகிராமிங்கை அவர்களுக்கே கற்றுக்கொடுங்கள். முன்பணம் தரும் முன், விற்பவரை உங்கள் பாகத்தை வைத்தே ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.