‘லேடி பீ குட்’ விமானம் பாலைவனத்தில் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்ததே, அதில் இருந்தவர்கள் எப்படி இறந்தார்கள்?

விமானம் விழுந்து யாரும் சாகவில்லை. அது தரையில் மோதும்போது உள்ளே ஆளே கிடையாது.

1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் மீது குண்டு போடப் புறப்பட்ட அமெரிக்க பி-24 விமானம் இது. ஒன்பது பேர், சேர்ந்து பறந்த முதல் பணியே இதுதான். இருட்டில் திரும்பும்போது ரேடியோவில் திசை கேட்டார்கள், தளத்திலிருந்தும் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கருவிக்கு விமானம் தளத்தை நோக்கி வருகிறதா, தாண்டிப் போய்விட்டதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. தாண்டிப் போய்விட்டார்கள். கீழே தெரிந்த இருட்டைக் கடல் என்றே நினைத்திருக்க வேண்டும், சுமார் 700 கிலோமீட்டர் பாலைவனத்துக்குள் போயாகிவிட்டது.

பெட்ரோல் தீரும் நேரத்தில், ராத்திரி இரண்டு மணிக்குக் குதித்தார்கள். ஒருவருக்குப் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் அரைக் குடுவைத் தண்ணீரோடு வடக்கே நடந்தார்கள். ஐந்து பேர் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரே இடத்தில் விழுந்தார்கள், மற்ற மூவர் அதையும் தாண்டிப் போயிருக்கிறார்கள். துணை விமானியின் டைரி ஏப்ரல் 12 வரை போகிறது: உதவி வரவில்லை, இரவில் கடும் குளிர்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. ஆளில்லாத விமானம் தானே சறுக்கி, அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இறங்கியிருந்தது. பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தவர்களுக்கு உள்ளே தண்ணீர், சாப்பாடு, வேலை செய்யும் ரேடியோ எல்லாம் கிடைத்தன. 1960-ல் எட்டு உடல்கள் கிடைத்தன. ஒன்பதாமவர் கிடைக்கவே இல்லை.