நின்ற காரைப் பின்னால் இடித்தால்: கிளெய்ம் போடுவதா, ரொக்கம் வாங்குவதா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். போன வியாழக்கிழமை சாயங்காலம் என் மகன் வேலூர் கிரீன் சர்க்கிளில் காரை நிறுத்தி வழிக்காகக் காத்திருந்தபோது, பின்னால் வந்த லோடு வேன் இடித்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பம்பர் உடைந்து, ஒரு டெயில் லேம்ப் போய், டிக்கி சரியாக மூட மறுக்கிறது. வேன்காரர் தப்பை ஒத்துக்கொண்டு 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரில் 42,000 எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். ஆற்காடு ரோட்டில் தெரிந்த டிங்கரிங் கடைக்காரர் 15,000-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். கார் வாங்கி மூன்றரை வருஷம் ஆகிறது, 1,197 சிசி பெட்ரோல். இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. ஜீரோ டெப் (சாமான்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) எடுக்கவில்லை. இடித்தது அவர், என் நோ கிளெய்ம் போனஸ் ஏன் போக வேண்டும்? அவருடைய இன்சூரன்ஸிலேயே வாங்கிக்கொள்ள முடியாதா?

பதில்: வாங்கலாம் சார். ஆனால் வாங்கி முடிப்பதற்குள் காருக்கு இன்னும் இரண்டு வயது கூடியிருக்கும்.

நியாயம் உங்கள் பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. முன்னால் போகும் வண்டி திடீரென்று வேகம் குறைத்தாலோ நின்றாலோ இடிக்காமல் நிறுத்துகிற அளவுக்கு இடைவெளி விட்டு ஓட்டுவது பின்னால் வருபவரின் பொறுப்பு என்று சாலை விதி சொல்கிறது. (எல்லா வழக்கிலும் பின்வண்டி தலையிலேயே முழுப் பழியும் விழும் என்று எண்ணிவிடாதீர்கள். 2017-இல் கோவையில் நெடுஞ்சாலையில் திடீர் பிரேக் போட்ட ஒரு காரில் பைக் மோதி, பைக் ஓட்டிய மாணவர் மேல் பஸ் ஏறிய வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் ஓட்டியவர் மீது 50 சதவீதப் பொறுப்பைச் சுமத்தியது. பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20. உங்கள் மகன் நெரிசலில் நின்றுகொண்டிருந்தவர், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.)

வேனுக்கு நடப்பில் உள்ள தேர்ட் பார்ட்டி பாலிசி இருந்தால், அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு உண்டு. சிலர் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்து வைத்திருப்பார்கள், அது வேறு கதை. சிக்கல் எங்கே என்றால், நீங்கள் போன் போட்டதும் அவருடைய கம்பெனி சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை அனுப்பிவைக்காது. போலீசில் புகார் பதிவாகி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப்போட்டு, வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக நடந்து வாங்க வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அதை விட்டால் வழியில்லை. சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்து ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி கையில் இருக்கும்போது 42,000 ரூபாய்க்காக நீங்கள் அந்தப் படி ஏற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் பாலிசியில் உள்ள ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பகுதியிலேயே கிளெய்ம் போடுங்கள்.

போனஸ் போகுமா? போகும். அது கிளெய்ம் போடாதவர்களுக்குப் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் தரும் தள்ளுபடி; அந்த வருஷத்தில் கிளெய்ம் கேட்டீர்களா இல்லையா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை. ஆனால் எவ்வளவு போகும் என்று பேனா எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் குறைவு. போட்டுப் பார்ப்போம்.

முதலில் வரவு. நீங்கள் அனுப்பிய எஸ்டிமேட்டில் பம்பரும் அதைச் சேர்ந்த பிளாஸ்டிக்கும் 9,000, டெயில் லேம்ப் 4,000, டிக்கி டோர் 13,000, பெயிண்டிங் 10,000, லேபர் 6,000. ஜீரோ டெப் இல்லாததால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். அந்த வகையில் பம்பரில் 4,500, லேம்ப்பில் 2,000 உங்கள் தலையில். தகர பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள்; மூன்று முடிந்து நான்கு வயதுக்குள் என்றால் 25 சதவீதம், ஆக டிக்கி டோரில் 3,250. பெயிண்டிங் மொத்தமாக ஒரே தொகையாக இருந்தால் அதில் கால் பங்கை பெயிண்ட் சரக்கின் விலை என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள்: 1,250. லேபரில் கழிவில்லை. எல்லாம் சேர்த்து 11,000. இதற்கு மேல் 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டியது) 1,000. ஆக 12,000 உங்கள் கையிலிருந்து, 30,000 கம்பெனியிடமிருந்து. பழைய டிக்கி டோரின் தகர விலை, சர்வீஸ் சென்டர் கேட்கும் ஃபைல் சார்ஜ் என்று சில நூறுகள் முன்பின் ஆகலாம்.

இப்போது செலவு. மூன்று வருஷம் கிளெய்ம் இல்லாததால் இப்போது உங்கள் தள்ளுபடி 35 சதவீதம். கிளெய்ம் போடாமல் இருந்தால் அடுத்த புதுப்பித்தலில் 45, அதற்கடுத்து 50, அதோடு உச்சம். கிளெய்ம் போட்டால் அடுத்த முறை பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று மறுபடி ஏறி வர வேண்டும். இந்தத் தள்ளுபடி ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான், மொத்த பிரீமியத்துக்கு இல்லை. அந்தப் பகுதி தள்ளுபடிக்கு முன் 8,000 என்று வைத்துக்கொண்டால், முதல் வருஷம் 3,600 நஷ்டம், அடுத்து 2,400, பிறகு 2,000, 1,200, 400. ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து 9,600, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் இறங்குவதால் உண்மையில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

30,000 வருகிறது, ஐந்து வருஷத்தில் பதினோராயிரம் சொச்சம் போகிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இதுவே பம்பரில் மட்டும் கீறலாகி 10,000 பில் என்றால், கழிவெல்லாம் போகக் கையில் வருவது போனஸ் நஷ்டத்துக்கே சரியாகிவிடும். அப்போது கிளெய்ம் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

வேன்காரரின் 5,000 ரூபாய்க்கு வருவோம். வாங்குவதில் தப்பில்லை. எதற்காக வாங்குகிறீர்கள், என்ன எழுதிக் கொடுக்கிறீர்கள் என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் காசு வாங்கக் கூடாது. ஆனால் உங்கள் இன்சூரன்ஸ் தராமல் விட்ட 12,000-ஐயும் போனஸ் நஷ்டத்தையும் இடித்தவரிடம் கேட்பது நியாயமான கேள்வி. 5,000-இல் நிற்காமல் அந்தக் கணக்கைக் காட்டியே பேசுங்கள். கம்பெனி கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். "பணம் பெற்றுக்கொண்டேன், இனி இவர் மீது எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு அதை இடித்தவரிடம் வசூலிக்கும் உரிமை உங்கள் கம்பெனிக்கு உண்டு. நீங்களே அந்தக் கதவைச் சாத்திவிட்டால், கிளெய்மையே மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பார்த்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்த சமாதானக் கடிதம் என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை படியுங்கள். வேனின் நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு அதற்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்து வையுங்கள். இல்லையென்றால் வேன்காரரின் பேச்சு தானாக இறங்கிவரும்.

இன்றைக்கே கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். 'உடனடியாகத் தெரிவிக்க வேண்டும்' என்பது பாலிசி நிபந்தனை. சில நாள் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி உண்மையான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது என்றாலும், அதை வாதாடும் நிலைமைக்கு ஏன் போக வேண்டும்? யாருக்கும் காயமில்லை, சொந்த கார் சேதம் மட்டும் என்றால் பெரும்பாலும் எஃப்ஐஆர் கேட்க மாட்டார்கள். ஆனாலும் சம்பவ இடம் எந்தக் காவல் நிலையத்தின் எல்லையோ அங்கே புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கி வைத்தால் வேன்காரர் நாளைக்கு மாற்றிப் பேச முடியாது.

ஒன்று அழுத்திச் சொல்கிறேன். வண்டி ஓட்டியது மகன் என்றால் கிளெய்ம் படிவத்தில் மகன் பெயர்தான் இருக்க வேண்டும், அவருடைய லைசென்ஸ்தான் போக வேண்டும். "அப்பா பேர்ல போட்டா சுலபமா முடியும்" என்று ஒர்க்‌ஷாப் கவுன்டரில் சொல்பவர்கள் உண்டு. லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் கிளெய்ம் கிடைக்கும் இடத்தில் பொய் சொல்லி, அந்தப் பொய்யாலேயே கிளெய்மை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்வே முடியும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். 50,000 ரூபாய்க்குக் குறைந்த மோட்டார் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை. செல்போன் வீடியோவிலேயே பார்த்து முடித்துவிடுவார்கள். பின்பக்க மோதலுக்கு இது போதாது. பம்பர் வெறும் பிளாஸ்டிக் தோல். அடி வாங்கினாலும் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைக் கழற்றினால் பல கார்களில் உள்ளே குறுக்காக ஒரு இரும்பு பீம், அது சேஸிஸோடு சேருமிடத்தில் இரண்டு பக்கமும் நசுங்குவதற்கென்றே வைத்த சின்னப் பெட்டிகள். ஒரு பக்கப் பெட்டி அரை விரற்கடை உள்ளே போயிருந்தாலும் பீம் கோணலாகி, பின் பேனல் தள்ளப்பட்டிருக்கலாம். உங்கள் டிக்கி மூடாததற்கு டிக்கி டோர் காரணமாக இல்லாமல், பூட்டு வந்து மாட்டும் அந்தப் பேனலே காரணமாக இருக்கலாம். எஸ்டிமேட்டில் பீமும் இல்லை, பேனலும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். டிக்கியில் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தின் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் மெல்லிய சுருக்கமாக மடிந்திருந்தாலோ, இணைப்புகளில் பூசிய சீலன்ட் வெடித்திருந்தாலோ, அடி தரைத் தகடுவரை வந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் மேலே பளபளவென்று முடித்துக் கொடுத்தால், ஐப்பசி மழையில் ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். எனவே பம்பரைக் கழற்றியதும் மறுபடி பார்க்க வரச் சொல்லி, கூடுதல் சேதத்துக்கு சப்ளிமென்டரி எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். கம்பெனி ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அந்த வேலையைத் தொட வேண்டும். தொகை 50,000-ஐத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் வந்தே ஆக வேண்டும். டிக்கிக்குள் சிஎன்ஜி சிலிண்டர் உள்ள வண்டி என்றால் அதன் பிராக்கெட்டையும் வால்வையும் பரிசோதிக்காமல் கேஸைத் திறக்கவே கூடாது.

ஆற்காடு ரோட்டுக் கடைக்காரரை நான் மட்டம் தட்ட மாட்டேன். நம்மூர் டிங்கரிங் ஆட்களில் கைநேர்த்தி உள்ளவர்கள் நிறைய. ஆனால் 15,000 என்றால் டிக்கி டோரைத் தட்டிப் பட்டி பூசி, பம்பரைச் சூடு வைத்து ஒட்டுகிற வேலை. புது சாமான் வராது. டிக்கி டோருக்கு அது பரவாயில்லை. பீம் வளைந்திருந்தால் அதை மட்டும் சூடுகாட்டி நிமிர்த்த விடாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். அவரிடம் செய்தாலும் கிளெய்ம் உண்டு. முன்கூட்டியே கம்பெனிக்குச் சொல்லி, சர்வே முடித்து, ஜிஎஸ்டி பில் வாங்கி, பணத்தைப் பிறகு பெறலாம். பில் தர முடியாது என்றால் அந்தப் பேச்சே இல்லை.

பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருஷம் வேலூர் வெயிலில் நின்ற மெட்டாலிக் கலரும் டப்பாவில் இருக்கும் அதே நம்பர் கலரும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறாகத் தெரியும். பக்கத்துப் பேனலில் கொஞ்சம் இழுத்து அடித்துக் கலக்கினால்தான் கண்ணுக்கு உறுத்தாது. அந்தக் கூலியை சர்வேயர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். முன்பே பேசி வையுங்கள்.

வண்டி எடுக்கும்போது சாயங்காலம் போகாமல் பகல் வெளிச்சத்தில் போங்கள். டிக்கிக்கும் இரண்டு பக்க பேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரே அளவா, ரிவர்ஸ் சென்சார் கத்துகிறதா, நம்பர் பிளேட் லைட் எரிகிறதா என்று பார்த்த பிறகே திருப்திக் கடிதத்தில் கையெழுத்து. மாற்றியதாகச் சொல்லும் பழைய சாமான்களைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றாமலே பில் போடுவது இதில்தான் பிடிபடும்.

கம்பெனி குறைத்துக் கொடுத்தால் சர்வே ரிப்போர்ட் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, எந்த வரியில் வெட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களுடைய குறைதீர் பிரிவுக்கு எழுதி 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு (பாலிசிதாரர்களின் புகாரை விசாரிக்கும் அதிகாரி) மனு அனுப்பலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஒரு வருஷம் அவகாசம் உண்டு. வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது. இந்த அளவுத் தொகைக்கு முதலில் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள்.